அம்மப்பாவின் தங்க மணிக்கூடு: தங்கம்தானா, எந்த ஆண்டு, என்ன பெறும்?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி தன் அம்மப்பாவின் கைமணிக்கூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முகப்பில் ஒமேகா என்று இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த 1948இல் கொழும்பில் வாங்கியது என்று அம்மம்மா சொல்லிக்கொண்டிருப்பாராம். மட்டக்களப்பு நகரில் ஒரு நகைக்கடையில் காட்டியபோது "தங்கம்தான், நிறுத்துப் பார்த்துக் காசு தருகிறோம்" என்றார்களாம். கல்முனையில் இன்னொரு கடையில் "இது முலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். யாரை நம்புவது, உண்மையான சாமானா, என்ன விலை பெறும் என்பது கேள்வி. பின்மூடியைத் திறந்து எடுத்த இரண்டு படங்களையும், பட்டியோடு சேர்த்துத் தூரத்தில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, இந்த வேலையில் எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆகிறது. உங்கள் படங்களைப் பெரிதாக்கி வைத்து நேற்று இரவு நெடுநேரம் பார்த்தேன். கூடு, அதாவது மெஷினை மூடியிருக்கும் வெளி உறை, தங்கம்தான், 18 கரட். ஆண்டு 1948 அல்ல, 1958ஐ ஒட்டியது. விலையைப் பற்றி இப்போதே சொல்ல முடியாது, ஏனென்றால் விலையைத் தீர்மானிக்கிற டயல் உங்கள் படத்தில் சரியாகத் தெரியவில்லை. அதுவரை யாருக்கும் விற்க வேண்டாம், யாரிடமும் பொலிஷ் பண்ணக் கொடுக்கவும் வேண்டாம். எப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். வீட்டில் இதேபோல ஒன்றை வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்த இரண்டு கடைகளின் பேச்சு. இருவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மூன்றாவது படத்தில் பட்டியின் கொளுக்கியைப் பாருங்கள். முனையில் மஞ்சள் உரிந்து வெள்ளை உலோகம் தெரிகிறது. தோல் பட்டி நம்முடைய வெயிலிலும் வியர்வையிலும் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். மாற்றும்போது கொளுக்கியும் சேர்ந்து மாறிவிடும், புதிதாக வருவது அநேகமாக முலாம் பூசியதுதான். கல்முனைக் கடைக்காரர் கொளுக்கியை உரசிப் பார்த்துவிட்டு முழு மணிக்கூட்டையும் முலாம் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். மட்டக்களப்புக் கடைக்காரர் கூட்டின் பக்கத்தை உரைகல்லில் உரைத்திருப்பார். ஒரு மணிக்கூட்டில் கூடு, பின்மூடி, கொளுக்கி, சாவி கொடுக்கிற திருகு எல்லாம் ஒரே உலோகமாக இருக்க வேண்டும் என்று இல்லை. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தங்கத்துக்கான சாட்சி பின்மூடியின் உள்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முதல் படத்தில், நடுவில் ஒமேகா கம்பனியின் பெயர், அதற்குக் கீழே 0.750 என்ற எண், பக்கத்தில் கடுகளவில் ஒரு பெண்ணின் தலை. பத்து மடங்கு பெரிதாக்குகிற லென்ஸில் பார்த்தால் பக்கவாட்டாகத் திரும்பிய முகமும், தலையில் சூடிய மாலையும் தெரியும். அவள் பெயர் ஹெல்வேஷியா, சுவிட்சர்லாந்தின் உருவகம். சுவிஸ் அரசின் சோதனை அலுவலகம் 18 கரட் தங்கத்துக்கு இந்த முத்திரையை 1880களில் இருந்து 1995 வரை அடித்தது. 14 கரட்டுக்கு அணில். 1995க்குப் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. ஆகவே பழைய மணிக்கூடு என்று சொல்லி ஒருவர் கொண்டுவரும் கூட்டில் நாயின் தலை இருந்தால், அந்தக் கூடு 1995க்குப் பிறகு வந்தது. இவை தவிர ஒரு சாவி உருவமோ சுத்தியல் தலை உருவமோ, அதற்குள் ஒரு எண்ணோ இருக்கும். அது கூட்டைச் செய்தவரின் அடையாளம். சாவி என்றால் ஜெனீவாவில் செய்த கூடு.

0.750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், அதுதான் 18 கரட். 585 என்றால் 14 கரட், 375 என்றால் 9 கரட். நாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று பேசிப் பழகியவர்கள். 22 கரட்டுக்குக் கீழே எதைக் கண்டாலும் மாற்றுக் குறைந்தது என்று முகம் சுளிப்போம். மணிக்கூட்டுக் கூட்டுக்கு 22 கரட் மிகவும் மென்மையானது, ஒரு அடி பட்டால் நெளிந்துவிடும். அதனால் 18 கரட்டும் 14 கரட்டும் இங்கே குறை அல்ல. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைக்கு வந்தவற்றில் 9 கரட் கூடுகளும் உண்டு. அவற்றில் 375 என்ற எண்ணோடு ஒரு நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் முத்திரை குத்தியது. கூடவே இருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து ஆண்டைச் சொல்லும். டெனிசன் என்ற பெயர் இருந்தால் மகிழ்ச்சியடையலாம். ஒமேகா, ரொலெக்ஸ் போன்றவற்றின் மெஷினுக்கு இங்கிலாந்தில் கூடு செய்து கொடுத்த அந்தத் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது.

தங்கம் அல்லாததும் தன்னைத் தானே சொல்லும், வாசிக்கத் தெரிந்தால். "பிளாக்கே ஓர்" என்று பிரெஞ்சில் இருந்தால் முலாம். "20 மைக்ரோன்ஸ்" என்றால் முலாமின் கனம், ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "கோல்ட் ஃபில்ட்", "ரோல்ட் கோல்ட்" என்றால் பித்தளையின் மேல் தங்கத் தகடு. "ஸ்டெயின்லஸ் ஸ்டீல் பேக்" என்று வெளியே எழுதியிருந்தால் பின்மூடி உருக்கு, முன்பக்கம் அநேகமாக முலாம். நிறையப் பேர் ஏமாறுவது இன்னொன்றில். சில பழைய அமெரிக்கக் கூடுகளில் "20 வருடம் உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அது மெஷினுக்கான உத்தரவாதம் அல்ல, தங்கத் தகடு தேயாமல் இருக்கும் காலம். முழுத் தங்கத்துக்கு யாரும் வருடக் கணக்குச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் முத்திரை இல்லாமலே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பட்டியைக் கழற்றி, பட்டி மாட்டும் காதுகளின் உள்பக்கத்தையும் கம்பி செருகும் துளைகளையும் பாருங்கள். வாவிக் காற்றும் உப்பும் வியர்வையும் சேர்ந்து, முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளையைப் பிடித்துப் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். கோயில் குத்துவிளக்கின் அடியில் பார்க்கிற அதே பச்சை. 18 கரட்டில் அது வராது. உங்கள் இரண்டாவது படத்தில் காதின் மூலை தேய்ந்து உருண்டிருக்கிறது, ஆனால் தேய்ந்த இடத்திலும் அதே மஞ்சள்தான். அதுவும் முத்திரையும் ஒரே கதையைச் சொல்கின்றன.

கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சோதனைக் கருவியில் வைத்து ஊடுகதிர் சோதனை செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அந்தக் கதிர் உலோகத்தின் மேல் தோலைச் சில மைக்ரோன் ஆழம்தான் பார்க்கும். கனமான முலாமை வெளியே மட்டும் வைத்துப் பார்த்தால் தங்கம் என்றே சொல்லிவிடும். தேய்ந்த மூலையிலும் மூடியின் உள்பக்கத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். 20 மைக்ரோன் முலாம் கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு கூட்டின் வெளிப்பரப்பு இருபது சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், மொத்தத்தில் அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் தேறும்.

இனி வயது. அம்மம்மா சொன்ன 1948ஐ நான் தள்ளிவிடவில்லை, அதைத் தனியாக வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தேன். ஐம்பதுகளின் ஒமேகா மெஷினுக்கு ஒரு நிறம் உண்டு, செம்பும் இளஞ்சிவப்பும் கலந்த மினுக்கம். உங்கள் படத்தில் அது அப்படியே இருக்கிறது. சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத் தகட்டில் 17 கல் (தேய்மானத்தைக் குறைக்க வைக்கும் சிறு கற்கள்) என்ற எழுத்தும், 267 என்ற மெஷின் இலக்கமும், 16 மில்லியனில் தொடங்கும் எட்டு இலக்கத் தொடர் எண்ணும் தெரிகின்றன. ஒமேகாவின் தொடர் எண்கள் 1944 அளவில் 10 மில்லியனைத் தொட்டன, 1956 அளவில் 15 மில்லியன், 1963 அளவில் 20 மில்லியன். 16 மில்லியன் என்றால் 1958ஐச் சுற்றி. ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். சுவிஸில் செய்து, கப்பலேறி, கொழும்புக் கடைக் கண்ணாடிக்குள் கிடந்து விற்பனையாக இன்னும் ஒன்றிரண்டு வருடம் போயிருக்கலாம்.

அப்படியானால் 1948 எங்கே போனது? இரண்டு விதமாக யோசிக்கலாம். அம்மப்பாவிடம் முதலில் வேறொரு மணிக்கூடு இருந்து, அதன் கதை இதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் கூடு பழையது, மெஷின் பிறகு மாற்றியது. இரண்டாவதைச் சோதிக்க பின்மூடியின் உள்ளே இருக்கிற மாதிரி இலக்கத்தைப் படித்து, அந்த மாதிரிக்கு எந்த மெஷின் வந்தது என்று ஒப்பிட வேண்டும். உங்கள் படத்தில் கடைசி எண் நிழலில் மறைந்துவிட்டது, அதை மட்டும் திரும்ப எடுத்து அனுப்புங்கள். அதோடு, அம்மப்பாவின் பழைய படங்களை எடுத்து அவர் இடது கையைப் பாருங்கள். ஒரு கலியாணப் படத்தில் சின்ன வினாடி முள் உள்ள முகப்புத் தெரிந்தால் அது எந்தப் புத்தகத்தையும் விடப் பெரிய சாட்சி.

இன்னொரு சாட்சி உங்களுக்குத் தெரியாமலே படத்தில் இருக்கிறது. பின்மூடியின் உள்ளே, முத்திரைக்கு மேலே, ஊசியால் கீறியதுபோல "7-63" என்று மெல்லிய எழுத்து. அது கீறல் அல்ல. மணிக்கூடு திருத்துபவர்கள் கழுவி எண்ணெய் போட்டதும் மாதத்தையும் வருடத்தையும் அப்படிக் குறித்து வைப்பார்கள், நானும் செய்வேன். 1963 ஜூலையில் யாரோ ஒருவர் இந்த மணிக்கூட்டைத் திறந்து கழுவியிருக்கிறார். வாங்கி நாலைந்து வருடத்தில் முதல் கழுவல் என்பது 1958க்கு நன்றாகப் பொருந்துகிறது. பொலிஷ் பண்ணுகிறவர் கையில் கொடுத்தால் முதலில் அழிவது இதுதான். பொலிஷ் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு கம்பனி மணிக்கூடு வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: பழைய ரொலெக்ஸின் எண் பெரும்பாலும் பட்டியைக் கழற்றினால் காதுகளுக்கு இடையே கூட்டில் இருக்கும். லொங்கின்ஸ் கம்பனி சுவிட்சர்லாந்தின் சென்ற் இமியேயில் பழைய கைப்பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது, தொடர் எண்ணைக் கொண்டு எப்போது யாருக்கு அனுப்பியது என்று அங்கே தேட முடியும். வளைகுடாவில் இருந்து வந்த மஞ்சள் நிற செய்கோக்கள் அநேகமாக முலாம்தான். அவற்றின் பின்மூடி எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். முகப்பின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இரு பக்கமும் டி என்ற எழுத்து இருந்தால் இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் பூசியது, 1960களுக்கு முற்பட்டதாக இருக்காது. இருட்டில் ஒளிரும் பூச்சு அதைவிடப் பழையது என்றால் ரேடியம். அது ஒளிராமல் போனாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

சரி, டயல். பழைய மணிக்கூடு வாங்குகிறவன் முதலில் பார்ப்பதும், கடைசியில் விலை சொல்வதும் இதை வைத்துத்தான். ஒரே மாதிரி, ஒரே வருடம், ஒரே தங்கம் என்றாலும், கம்பனி போட்ட டயலோடு இருப்பதும் பிறகு பெயின்ற் அடித்த டயலோடு இருப்பதும் விலையில் வெகுதூரம் தள்ளி நிற்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பாவின் லொங்கின்ஸ் 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்தது. வீட்டுக் கூரை பறந்த இரவு அது அவர் கையில்தான் இருந்தது. மெஷினைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் டயலில் ஆறாம் எண்ணின் பக்கம் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல ஒரு கறை. எண்பதுகளில், தொழில் பழகிய புதிதில், அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கொழும்பில் ஒரு கடையில் கொடுத்து டயலுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்து வாங்கினேன். பளபளவென்று வந்தது. அப்பா வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ர மணிக்கூடு மாதிரி இல்ல மகன்" என்றார். லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பெயருக்கு மேலே இருந்த சிறகு வைத்த மணற்கடிகைச் சின்னம் வெறும் கோடாகிவிட்டிருந்தது. அடியில் இருந்த சுவிஸ் என்ற சொல்லே இல்லை. அந்தக் கறை அந்த இரவின் அடையாளம், அதை நான்தான் அழித்தேன். இன்றும் அதை எடுத்துப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

ஆகவே உங்கள் டயலை இப்படிப் பாருங்கள். காலை வெயிலில், ஜன்னல் பக்கமாக, மணிக்கூட்டைச் சரித்துப் பிடியுங்கள். ஒமேகா என்ற எழுத்தின் ஓரங்கள் கூராக, ஒரே கனத்தில் இருக்க வேண்டும். திரும்ப எழுதியதில் எழுத்து கொஞ்சம் வீங்கி, மை கசிந்ததுபோல இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவுக்கு நேரே வருகின்றனவா பாருங்கள். சின்ன வினாடி வட்டத்தின் கோடுகள் பக்கத்து எண்ணின் மேல் ஏறியிருக்கக் கூடாது. ஆறாம் குறிக்குக் கீழே விளிம்பை ஒட்டி சுவிஸ் மேட் என்ற சொற்கள் முழுதாக இருக்க வேண்டும், பாதி வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. மணிக் குறிகளின் அடியில் பெயின்ற் குவிந்திருந்தால் அது பிறகு அடித்தது. கண்ணாடி பழைய பிளாஸ்டிக்காக இருந்தால், அதன் நடுமையத்தில், தூசி அளவில், ஒமேகாவின் சின்னம் வார்க்கப்பட்டிருக்கும். அது இருந்தால் கம்பனிக் கண்ணாடி. இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், கண்ணாடி மாறாத பழைய மணிக்கூடு குறைவு. நிறம் மங்கியிருப்பதும், கிரீம் நிறமாக முதிர்ந்திருப்பதும், சிறு புள்ளிகளும் குறையே அல்ல. எழுபது வருடத்துக்குப் பக்கமான டயல் புதிதுபோல வெளுத்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

உண்மையான பாகங்களைச் சேர்த்து உண்மையில்லாத ஒரு மணிக்கூட்டைக் கட்டவும் முடியும். 2021இல் ஜெனீவா ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் முப்பது லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் போனது. அது பல மணிக்கூடுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023இல் தெரியவந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், ஒரு குடும்பத்தின் கையில் இருந்து நேராக வருகிற உங்களுடையது போன்றதற்கு ஏன் மதிப்பு என்று விளங்கும். பழைய படம், பற்றுச்சீட்டு, பெட்டி, அம்மம்மாவின் பேச்சு எதையும் எறிந்துவிடாதீர்கள்.

விலையை இரண்டு படியாகப் பார்க்கலாம். கீழ்ப்படி தங்கத்தின் விலை, அதற்குக் குறைந்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. மெஷின், டயல், கண்ணாடி எல்லாம் நீக்கிக் கூடு மட்டும் 12 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 கரட்டில் அதற்குள் 9 கிராம் சுத்தத் தங்கம். நாம் பவுண் என்று சொல்லும் 8 கிராம் 22 கரட்டுக்குள் இருப்பது 7.33 கிராம் சுத்தத் தங்கம். ஆக உங்கள் கூடு ஒன்றேகால் பவுணுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். விற்கும் நாளின் பவுண் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மணிக்கூட்டை முழுதாகத் தராசில் வைத்து வருகிற எடை தங்கத்தின் எடை அல்ல என்பது ஒரு பக்கம். "மெஷின் எடை கழிவு" என்று அளவுக்கு மேல் கழிப்பது மறுபக்கம். இரண்டிலும் கவனமாக இருங்கள்.

மேல்படி, மணிக்கூடாக அதன் விலை. உங்களுடையது போன்ற தங்க ஒமேகா உலகத்தில் அபூர்வம் அல்ல, நிறையச் செய்திருக்கிறார்கள். பழையவை 34, 35 மில்லிமீற்றர் அளவில் சின்னதாக இருப்பதால் இப்போது பெரிய மணிக்கூடு கட்டுகிறவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். டயல் அசல், கூடு அதிகம் பொலிஷ் படாதது, மெஷின் ஓடுகிறது என்றால் தங்க விலைக்கு மேல் நல்ல வித்தியாசம் நிற்கும். டயல் பெயின்ற் அடித்தது என்றால் தங்க விலையை ஒட்டியே இறங்கிவிடும். இணையத்தில் பார்க்கும்போது கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022இல் ரூபாய் விழுந்து பவுண் விலை ஏறியபோது எத்தனையோ வீடுகளில் இருந்து தங்க மணிக்கூடுகள் நகைக்கடைக்குப் போயின. கூட்டை உருக்கிவிட்டு மெஷினை டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். எனக்குப் பாகம் தேவைப்படும்போது அந்த டப்பாக்களில் தேடியிருக்கிறேன். ஒன்றை எடுத்துத் திருகைச் சுற்றினால் சக்கரம் உயிரோடு அசையும். அதற்குத் திரும்பிப் போகக் கூடு இல்லை. குடும்பக் கஷ்டத்தில் விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. விற்பதென்றாலும் மணிக்கூடாக விற்றிருந்தால் அவர்களுக்குக் கூடக் கிடைத்திருக்கும்.

உங்கள் பக்கத்தில் இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முழுக்கச் சாவி கொடுத்து ஓட விடாதீர்கள், எண்ணெய் காய்ந்திருக்கும், ஓடினால் தேயும். பின்மூடியை இனி வீட்டில் கத்தியால் நெம்ப வேண்டாம், ஓரத்தில் ஏற்கெனவே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. யாரிடம் காட்டினாலும் பக்கத்தில் இருந்து காட்டுங்கள், இரவு தங்க விட்டுவிட்டு வர வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மார்கழி மழையில் அலுமாரிக்குள் கூட ஈரம் ஏறும்.

காலை வெயிலில் டயலை நேராக ஒரு படம், சரித்து ஒரு படம், ஆறாம் குறியின் அடியை மட்டும் நெருங்கி ஒரு படம், மூடிக்குள் இருக்கும் அந்த மாதிரி இலக்கம். இந்த நாலும் கிடைத்ததும் டயல் அசலா இல்லையா என்று சொல்கிறேன், பிறகு விலையைப் பேசுவோம். அம்மம்மாவிடம் 1958 வாக்கில் அம்மப்பா எங்கே வேலை பார்த்தார், அப்போது வீட்டில் என்ன விசேஷம் நடந்தது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.